மரத்தின் எடை எங்கிருந்து வருகிறது?

ஒரு பெரிய மரத்தை வெட்டி எடை போட்டால் டன் கணக்கில் வரும். அது முளைத்த விதையோ உள்ளங்கையில் வைத்தால் கனமே தெரியாது. நடுவில் சேர்ந்த அத்தனை எடையும் எங்கிருந்து வந்தது? கேட்டவுடன் பலருடைய வாயிலும் வரும் பதில், "மண்ணிலிருந்து." எனக்கும் வெகுநாள் வரை அதுதான் பதில். வேர் மண்ணுக்குள் இருக்கிறது, உரம் போட்டால் செடி செழிக்கிறது, அப்படியானால் செடி மண்ணைச் சாப்பிட்டுத்தான் வளர வேண்டும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு இடத்தில் இடிக்கும். மரம் மண்ணைத் தின்று வளர்கிறதென்றால், ஒவ்வொரு பெரிய மரத்தின் அடியிலும் ஒரு பெரிய பள்ளம் விழுந்திருக்க வேண்டுமே?

கிட்டத்தட்ட 400 வருடங்களுக்கு முன்பே ஒருவர் இதை எடை போட்டே பார்த்திருக்கிறார். பிரஸ்ஸல்ஸில் பிறந்த மருத்துவர் யான் பாப்டிஸ்ட் வான் ஹெல்மாண்ட். அடுப்பில் நன்றாக உலர்த்திய 200 பவுண்டு மண்ணை, அதாவது ஏறக்குறைய 90 கிலோவை, ஒரு தொட்டியில் நிரப்பினார். அதில் 5 பவுண்டு எடையுள்ள ஒரு வில்லோ மரக்கன்றை நட்டார். வெளியிலிருந்து தூசி விழாமல் தொட்டியை மூடினார். ஐந்து வருடம் தண்ணீரைத் தவிர வேறு எதுவும் ஊற்றவில்லை. கடைசியில் மரத்தைப் பிடுங்கி எடை போட்டால் 169 பவுண்டும் கொஞ்சமும். மண்ணை மறுபடி உலர்த்தி எடை போட்டால் முன்பு இருந்ததைவிட 2 அவுன்ஸ்தான் குறைவு. 2 அவுன்ஸ் என்பது 60 கிராம்கூட இல்லை.

சரி, மண் இல்லை என்பது தீர்ந்தது. அப்படியானால் தண்ணீர்தான் மரமாகியிருக்கிறது என்று அவர் முடிவு கட்டினார். பாதி சரி, பாதி தப்பு. இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை என்னவென்றால், 'காஸ்' என்ற சொல்லையே உருவாக்கியவர் இதே ஹெல்மாண்ட்தான். கரி எரியும்போது கண்ணுக்குத் தெரியாத ஒரு வாயு வெளியேறுகிறது என்று எழுதியவரும் அவரே. அந்த வாயுவை நாம் இன்று கார்பன் டை ஆக்சைடு என்கிறோம். தொட்டிக்கு மேலே ஐந்து வருடமாக அந்த வாயு காற்றோடு கலந்து நின்றுகொண்டிருந்தது. விடை கையிலேயே இருந்தும், இந்தக் கேள்வியோடு அதைச் சேர்த்துப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. இந்தச் சோதனை அவர் இறந்த பிறகு, 1648இல், அச்சில் வந்தது.

சாம்பலும் மிச்சமும்

இதை நம்ப முடியவில்லை என்றால், காய்ந்த விறகு ஒன்று எரிந்து முடிவதைக் கடைசிவரை பாருங்கள். ஒரு கை கனத்த கட்டை, எரிந்து அணைந்ததும் ஒரு பிடி வெள்ளைச் சாம்பலாகக் கிடக்கும். பெரும்பாலான மரங்களில் அந்தச் சாம்பல் கட்டையின் எடையில் ஒரு சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். கால்சியம், பொட்டாசியம் போன்ற தாதுக்கள். மண்ணிலிருந்து மரம் எடுத்துக்கொண்டதில் ஏறக்குறைய எல்லாமே அந்த ஒரு பிடிதான். மீதி எங்கே போனது? புகையாகவும் கண்ணுக்குத் தெரியாத வாயுவாகவும் காற்றுக்கே போனது. காய்ந்த மரத்தில் ஏறக்குறைய பாதி எடை கார்பன். அந்தக் கார்பன் முழுவதும் ஒரு காலத்தில் காற்றில் இருந்தது. எரியும்போது வந்த வெப்பமும் வெளிச்சமும்கூட மரத்தின் சொந்தச் சரக்கு கிடையாது. பல வருடங்களாக இலைகள் பிடித்து வைத்த வெயில் அது.

காற்றில் கார்பன் டை ஆக்சைடு ஏதோ ஏராளமாக இருப்பதாக நினைக்க வேண்டாம். இன்றைக்கு 10,000 மூலக்கூறுகளை எடுத்தால் அதில் 4 தான் இருக்கும். அவ்வளவு நீர்த்துப்போன சரக்கிலிருந்துதான் காடு முழுவதும் கட்டப்பட்டிருக்கிறது.

அப்படியானால் உரம் எதற்கு? நைட்ரஜன், பாஸ்பரஸ், மெக்னீசியம் எல்லாம் அளவில் கொஞ்சம்தான் வேண்டும். ஆனால் அந்தக் கொஞ்சம் இல்லாவிட்டால் வேலை நின்றுவிடும். உணவு என்றால் உடலுக்கு ஆற்றல் தருவது என்று வைத்துக்கொண்டால், உரம் உணவே கிடையாது. நாம் விழுங்கும் இரும்புச்சத்து மாத்திரை போல என்று சொன்னால் ஓரளவு பொருந்தும். பூச்சியைப் பிடிக்கும் தாவரங்களும் இப்படித்தான். பசிக்காக அவை பூச்சி பிடிப்பதில்லை. நைட்ரஜன் மிகக் குறைந்த சதுப்பு மண்ணில் வளர்வதால், பூச்சியின் உடலிலிருந்து அதை எடுத்துக்கொள்கின்றன. சாப்பாட்டை மற்ற செடிகளைப் போல வெயிலில்தான் சமைக்கின்றன.

புதினாவும் மெழுகுவத்தியும்

தாவரத்துக்கும் காற்றுக்கும் இருக்கும் தொடர்பை முதலில் பிடித்தவர் ஜோசப் பிரீஸ்ட்லி. 1771இல், மூடிய கண்ணாடிக் குடுவைக்குள் ஒரு மெழுகுவத்தி எரிந்து அணையும்வரை விட்டார். அந்தக் கெட்டுப்போன காற்றுக்குள் ஒரு புதினாத் தண்டை வைத்தார். பத்து நாள் கழித்து அதே காற்றில் இன்னொரு மெழுகுவத்தி நன்றாக எரிந்தது. எரிந்து கெட்ட காற்றைச் செடி சரிசெய்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் மறுபடி மறுபடி செய்தபோது சில தடவை வந்தது, சில தடவை வரவில்லை. காரணம் பிடிபடவில்லை.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் யான் இன்கன்ஹூஸ் என்ற டச்சு மருத்துவர். 1779இல் அவர் வெளியிட்ட நூலில் விஷயம் தெளிவாக இருக்கிறது: வெயில் பட்டால்தான் செடி காற்றைச் சரிசெய்யும், அதிலும் பச்சையாக உள்ள பாகங்கள் மட்டும்தான். இருட்டில் வைத்தால் செடியும் நம்மைப் போலக் காற்றைக் கெடுக்கவே செய்யும்.

இன்கன்ஹூஸ் பார்த்ததை நீங்களும் பார்க்கலாம். மீன் தொட்டிகளில் போடும் ஹைட்ரில்லா போன்ற நீர்த்தாவரம் ஒரு தண்டு போதும். அதை வெட்டி, வெட்டிய முனை மேலே இருக்கும்படி ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் முக்கி வெயிலில் வையுங்கள். ஒரு சிட்டிகை சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்தால் இன்னும் நல்லது, அதிலிருந்து செடிக்குக் கார்பன் டை ஆக்சைடு கிடைக்கும். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து மணிமணியாகக் குமிழ்கள் கிளம்பும். எண்ணுங்கள். அப்புறம் டம்ளரை நிழலுக்கு நகர்த்துங்கள். குமிழ்கள் தயங்கும், இடைவெளி கூடும், நல்ல நிழலாக இருந்தால் நின்றே போகும். மறுபடி வெயிலுக்குக் கொண்டுவந்தால் மறுபடி தொடங்கும். எனக்குத் தெரிந்து இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பெரிய விஷயத்தைக் காட்டும் சோதனை வேறு இல்லை. அந்தக் குமிழில் இருப்பது பெரும்பாலும் ஆக்சிஜன்.

இலைக்குள் நடப்பது

இதைத்தான் ஒளிச்சேர்க்கை என்கிறோம். பாடப்புத்தகத்தில் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்: ஆறு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகளும் ஆறு நீர் மூலக்கூறுகளும் சூரிய ஒளியில் சேர்ந்து ஒரு குளுக்கோஸ் மூலக்கூறும் ஆறு ஆக்சிஜன் மூலக்கூறுகளும் உண்டாகின்றன. கணக்கு சரிதான். ஆனால் அந்த ஒரு வரிக்குள் இரண்டு தனித்தனி வேலைகள் ஒளிந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும்.

இலையின் செல்களுக்குள் பசுங்கணிகங்கள் என்ற குட்டிக் குட்டிப் பச்சை உறுப்புகள் இருக்கின்றன. அவற்றுக்குள் இருக்கும் பச்சையம்தான் ஒளியைப் பிடிக்கும் பொருள். அது சிவப்பையும் நீலத்தையும் நன்றாக உறிஞ்சிக்கொள்ளும், பச்சையை அவ்வளவாக உறிஞ்சாது. உறிஞ்சாமல் விட்ட பச்சைதான் நம் கண்ணுக்கு வருகிறது. 1882இல் எங்கல்மான் என்ற ஜெர்மன் விஞ்ஞானி இதை அழகாகக் காட்டினார். நூல் போன்ற ஒரு பாசியின் மேல், வானவில்லாகப் பிரித்த ஒளியை விழவைத்தார். கூடவே ஆக்சிஜன் இருக்கும் இடம் தேடி ஓடும் பாக்டீரியாக்களையும் விட்டார். அவை சிவப்பு விழுந்த இடத்திலும் நீலம் விழுந்த இடத்திலும் மொய்த்தன. பச்சை விழுந்த இடத்தில் கூட்டம் இல்லை.

முதல் வேலை ஒளியைப் பிடிப்பது. பச்சையத்தில் ஒளி பட்டதும் அதிலுள்ள எலக்ட்ரான்கள் துள்ளிக் கிளம்பிவிடும். போன எலக்ட்ரான்களை ஈடுகட்ட, செடி தண்ணீரை உடைக்கிறது. தண்ணீரிலுள்ள ஹைட்ரஜன் பங்கை வேலைக்கு வைத்துக்கொள்கிறது, ஆக்சிஜனை வெளியே விட்டுவிடுகிறது. நாம் மூச்சுக்கு மூச்சு இழுக்கும் ஆக்சிஜன் செடிக்கு வெறும் கழிவு. அது கார்பன் டை ஆக்சைடிலிருந்து வருவதாகத்தான் பலகாலம் நினைத்திருந்தார்கள். 1941இல், கொஞ்சம் கனமான ஆக்சிஜன் அணுக்கள் கொண்ட தண்ணீரைக் கொடுத்துச் சோதித்தபோது, வெளியே வந்த வாயுவில் அந்தக் கனமான ஆக்சிஜனே இருந்தது. தண்ணீரிலிருந்துதான் வருகிறது என்பது அதில் தெளிவானது. துள்ளிய எலக்ட்ரான்களின் ஆற்றல் ஏடிபி, என்ஏடிபிஎச் என்ற இரண்டு மூலக்கூறுகளில் தற்காலிகமாக ஏற்றி வைக்கப்படுகிறது.

இரண்டாவது வேலை, அந்த ஆற்றலைச் செலவழித்துக் காற்றிலுள்ள கார்பனைச் சர்க்கரையாகக் கோப்பது. இதன் படிகளை மெல்வின் கால்வின், ஆண்ட்ரூ பென்சன், ஜேம்ஸ் பாஷம் ஆகியோர் கதிரியக்கக் கார்பனை அடையாளமாக வைத்துத் தேடிப் பிடித்தார்கள். நோபல் பரிசு 1961இல் கால்வினுக்கு மட்டும் போனது. இந்த இரண்டாவது வேலைக்குப் பழைய புத்தகங்களில் 'இருள் வினை' என்று பெயர். குழப்பத்துக்கென்றே வைத்த பெயர் மாதிரி இருக்கும். அது இரவில் நடப்பதில்லை. ஒளி நேரடியாகத் தேவையில்லை என்று சொல்ல வந்த பெயர் அது. முதல் வேலை தரும் சரக்கு இல்லாமல் ஓடாது என்பதால் பெரும்பாலும் பகலில்தான் நடக்கிறது.

காற்றிலுள்ள கார்பனை முதலில் கவ்விப் பிடிப்பது ரூபிஸ்கோ என்ற நொதி. நொதிகளிலேயே இது ஒரு சோம்பேறி. மற்ற பல நொதிகள் நொடிக்கு ஆயிரக்கணக்கில் வேலை முடிக்கும்போது, இது நொடிக்கு மூன்று மூலக்கூறைச் சுற்றித்தான் பிடிக்கும். அதிலும் சில சமயம் ஆள் மாறி ஆக்சிஜனைப் பிடித்துவிடும். ஆள் மந்தமாக இருந்தால் என்ன, எண்ணிக்கையில் சமாளிப்போம் என்று செடிகள் இதை மலைமலையாக உண்டாக்கி வைத்திருக்கின்றன. பூமியில் மிக அதிகமாக இருக்கும் புரதங்களில் இதுவும் ஒன்று.

கார்பன் டை ஆக்சைடு உள்ளே வரும் வழி இலைத்துளைகள். இலையின் அடிப்பக்கத்தில்தான் பெரும்பாலும் அதிகம் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. இங்கே செடிக்கு ஒரு தர்மசங்கடம் உண்டு. துளையைத் திறந்தால்தான் கார்பன் உள்ளே வரும். திறந்த அதே துளை வழியாகத் தண்ணீர் ஆவியாகி ஓடிவிடும். ஒரு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறைப் பிடிப்பதற்குள் நூற்றுக்கணக்கான நீர் மூலக்கூறுகள் போய்விடும். அதனால்தான் தண்ணீர் இல்லாதபோது வெயில் எவ்வளவு அடித்தாலும் செடி வளர்வதில்லை. வாசலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. கள்ளிச் செடிகள் இதற்கு வேறு வழி வைத்திருக்கின்றன. இரவு குளிர்ச்சியில் துளையைத் திறந்து கார்பனை வாங்கி, அமிலமாக மாற்றிச் சேமித்து வைத்துக்கொள்ளும். பகலில் துளையை மூடிவிட்டு அதை வைத்துச் சர்க்கரை செய்யும்.

செய்த சர்க்கரையில் மிஞ்சியதை இலை ஸ்டார்ச்சாக மாற்றி வைக்கும். அயோடின் விட்டால் ஸ்டார்ச் கருநீலமாகும் என்பதால், ஓர் இலையில் எங்கே வெயில் பட்டது, எங்கே படவில்லை என்று நிறத்தை வைத்தே சொல்லிவிடலாம். இலையின் நடுவில் ஒரு துண்டுக் கறுப்புக் காகிதத்தைக் கிளிப் போட்டு மாட்டி, நாள் முழுக்க வெயிலில் வைக்க வேண்டும். அப்புறம் இலையைப் பறித்து வெந்நீரில் முக்கி, சூடான ஆல்கஹாலில் போட்டுப் பச்சையை வெளுக்க வைக்க வேண்டும். ஆல்கஹாலை நேரடியாக நெருப்பில் வைக்கக் கூடாது, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துத்தான் சூடாக்க வேண்டும். நான் முதல் தடவை செய்தபோது காகிதம் மூடியிருந்த இடமும் கறுத்துவிட்டது. ஆசிரியருக்குத் தெரியாமல் இலையைத் தூக்கிப் போட்டேன். சோதனைக்கு முன்பு ஒன்றிரண்டு நாள் செடியை முழு இருட்டில் வைத்து, பழைய ஸ்டார்ச்சைச் செலவழிக்க விட வேண்டும் என்பதை நான் கவனிக்கவில்லை. இரண்டாம் முறை சரியாக வந்தது. கருநீல இலையின் நடுவே வெளிறிய பழுப்பில் ஒரு சதுரம், ஓரம் கத்தரித்த மாதிரி.

செடியும் சாப்பிட வேண்டுமே

இங்கே பலர் தடுக்கி விழும் ஓர் இடம். செடி உணவு தயாரிக்கிறது என்று சொல்லிச் சொல்லி, அந்த உணவை யார் சாப்பிடுகிறார்கள் என்பதை மறந்துவிடுகிறோம். முதல் சாப்பாட்டாளி செடியேதான். வேருக்கு வெயில் கிடையாது, தண்டின் உள்பகுதிக்கும் கிடையாது. அவற்றிலுள்ள செல்களும் உயிரோடு இருக்க வேண்டும், தண்ணீரையும் தாதுவையும் இழுக்க வேண்டும், புதுச் செல்களைக் கட்ட வேண்டும். அதற்கெல்லாம் சர்க்கரையை ஆக்சிஜனோடு சேர்த்து உடைத்து ஆற்றலை எடுக்கிறது. அதாவது செடியும் சுவாசிக்கிறது, பகலிலும் இரவிலும். பகலில் ஒளிச்சேர்க்கை அதைவிடப் பல மடங்கு நடப்பதால் வெளியே தெரிவதில்லை. இரவில் அறைக்குள் செடி வைத்தால் ஆபத்து என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பக்கத்தில் படுத்திருக்கும் மனிதர் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடுக்கு முன்னால் அந்தச் செடி விடுவது ஒன்றுமே இல்லை.

தயாரித்த சர்க்கரையில் ஏறக்குறைய பாதி இப்படிச் செடியின் சொந்தச் செலவுக்கே போய்விடும். மீதிதான் இலையாக, தண்டாக, வேராக, விதையாக நிற்கிறது. உலகத்தின் மற்ற எல்லா வாய்களும் கைவைப்பது இந்த மீதியில்தான்.

கைமாறும்போது கரைவது

புல்லை வெட்டுக்கிளி தின்கிறது, வெட்டுக்கிளியைத் தவளை, தவளையைப் பாம்பு, பாம்பைக் கழுகு. இந்த வரிசையைச் சின்ன வயதில் எல்லோரும் மனப்பாடம் செய்திருப்போம். உணவுச் சங்கிலி. அம்புக்குறி எந்தப் பக்கம் போட வேண்டும் என்பதில் தேர்வு எழுதும் பிள்ளைகள் தவறாமல் தடுமாறுவார்கள். யார் யாரைத் தின்கிறார்கள் என்று காட்ட அது போடப்படுவதில்லை, ஆற்றல் எங்கே போகிறது என்று காட்டவே போடப்படுகிறது. அதனால் புல்லிலிருந்து வெட்டுக்கிளிக்குத்தான் அம்பு.

சங்கிலியை வெறும் பெயர்ப் பட்டியலாக விட்டால் சுவாரசியம் இல்லை. ஒரு கம்பளிப்புழுவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அது தின்ற இலையில் 200 ஜூல் ஆற்றல் இருந்தது என்று வைப்போம். அதில் ஏறக்குறைய 100 ஜூல் செரிக்காமல் எச்சமாகவே விழுந்துவிடும். இலைக்குக் கீழே சிந்திக் கிடக்கும் கறுப்பு உருண்டைகள் அவைதான். மீதியில் 67 ஜூல் ஊர்வதற்கும் மெல்வதற்கும் உயிரோடு இருப்பதற்கும் செலவாகி, கடைசியில் வெப்பமாகக் காற்றில் போய்விடும். புழுவின் சதையாகச் சேருவது 33 ஜூல். புழுவைக் கொத்தும் பறவைக்கு இந்த 33 தான் கிடைக்கும். புழுக்களையெல்லாம் அது பிடித்துவிடவும் போவதில்லை.

பறவையிடம் போனபின் நிலைமை இன்னும் மோசம். பறவைகளும் பாலூட்டிகளும் உடலை எந்நேரமும் சூடாக வைத்திருக்கின்றன. செரித்த ஆற்றலில் 1 முதல் 3 சதவீதம்தான் அவற்றின் உடலாகச் சேர்கிறது, மீதியெல்லாம் அந்தச் சூட்டுக்கும் நடமாட்டத்துக்கும் போகிறது. பூச்சிகளில் இது சராசரியாக 40 சதவீதம். உங்கள் கையை உங்கள் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். அந்த வெதுவெதுப்பு எப்போதோ ஓர் இலை பிடித்த வெயில், இப்போது வெளியேறிக்கொண்டிருக்கிறது. அதை இனி எந்த இலையாலும் திரும்பப் பிடிக்க முடியாது. வெப்பத்தை வைத்து ஒளிச்சேர்க்கை நடக்காது.

இப்படிப் படிக்குப் படி கரைவதை எண்ணிக்கையில் சொன்னவர் ரேமண்ட் லிண்டமன். அமெரிக்காவின் மினசோட்டாவில் ஒரு சின்ன ஏரியை வருடக்கணக்கில் ஆராய்ந்து எழுதினார். ஏடு ஒன்று முதலில் அந்தக் கட்டுரையை நிராகரித்தது, பின்பு 1942இல் அதே ஏட்டில் வெளிவந்தது. அதற்குள் அவர் இறந்துவிட்டார், வயது 26. 'பத்து சதவீத விதி' என்று இன்று பள்ளியில் சொல்லித்தருவது அவர் தொடங்கிவைத்த வேலையிலிருந்து வந்ததுதான்: ஒரு படியிலுள்ள ஆற்றலில் பத்தில் ஒரு பங்குதான் அடுத்த படிக்குப் போகும்.

விதி என்று சொன்னாலும் அது உத்தேசக் கணக்கு. எவ்வளவு உத்தேசம் என்று பார்க்க, ஃபுளோரிடாவிலுள்ள சில்வர் ஸ்பிரிங்ஸ் என்ற நீரூற்றை ஹோவர்டு ஓடம் அளந்து 1957இல் வெளியிட்ட எண்களே போதும். எல்லாம் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு வருடத்துக்கான கிலோகலோரிகள். மேலே விழுந்த வெயில் சுமார் 17,00,000. தாவரங்கள் அதிலிருந்து பிடித்தது 20,810. தங்கள் சுவாசச் செலவு போக அவற்றிடம் மிஞ்சியது 8,833. தாவரம் தின்னும் உயிர்களுக்குச் சேர்ந்தது 3,368. அவற்றைத் தின்பவற்றுக்கு 383. எல்லாவற்றுக்கும் உச்சியில் இருந்த மீன்களுக்கு 21.

அந்த 17 லட்சத்தையும் 21ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தலை சுற்றும். நடுவிலுள்ள விகிதங்களையும் போட்டுப் பாருங்கள். தாவரங்கள் பிடித்த 20,810இல் தாவரம் தின்னும் உயிர்களுக்குச் சேர்ந்தது 16 சதவீதம், அங்கிருந்து அடுத்த படிக்கு 11, அங்கிருந்து உச்சிக்கு 5 சொச்சம். பத்து என்பது இவற்றுக்கு நடுவில் எங்கோ நிற்கும் ஒரு வசதியான எண், அவ்வளவுதான். முதல் படியிலேயே வெயிலில் ஒரு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே மட்டும்தான் பிடிபட்டிருக்கிறது என்பதையும் கவனியுங்கள். இலைகள் அப்படி ஒன்றும் கைதேர்ந்த இயந்திரங்கள் கிடையாது. உலகம் முழுக்கப் பரந்து கிடப்பதால் சமாளிக்கின்றன.

இந்தக் கணக்கு தெரிந்தபின் பல விஷயங்கள் தானாக விளங்கும். உணவுச் சங்கிலிகள் ஏன் நான்கு ஐந்து கண்ணிகளுக்கு மேல் நீள்வதில்லை? அதற்கு மேல் ஓர் உயிர் பிழைக்கப் போதுமான மிச்சம் இருக்காது. புல் ஏன் கோடிக்கணக்கில், மான் ஏன் ஆயிரக்கணக்கில், புலி ஏன் விரல்விட்டு எண்ணும் அளவில்? புலிக்கு வீரம் போதாததால் இல்லை. ஒரு புலியின் வயிற்றுக்குப் பின்னால் அவ்வளவு பரப்புக் காடு நிற்க வேண்டியிருக்கிறது. காட்டைப் பாதியாக்கினால் முதலில் காணாமல் போவது உச்சியில் இருக்கும் விலங்குதான், அதை யாரும் சுடாவிட்டாலும்.

கடலில் தலைகீழ்

நிலத்தில் எல்லாம் பிரமிடு மாதிரி அடியில் அகலம், மேலே குறுகல். கடலில் சில இடங்களில் எடை போட்டால் தலைகீழாக வரும். மிதக்கும் நுண்பாசிகளின் எடையைவிட, அவற்றைத் தின்னும் சின்ன உயிர்களின் எடை அதிகமாக இருக்கும். முதலில் படித்தபோது எனக்கு இது அச்சுப்பிழை என்றே தோன்றியது. பத்தில் ஒரு பங்குதான் மேலே போகும் என்றால், மேலே இருப்பது எப்படி அதிகமாக இருக்கும்?

கையில் இருக்கும் பணம் வேறு, மாத வருமானம் வேறு. நுண்பாசிகள் சில நாட்களுக்கொரு முறை இரட்டிப்பாகின்றன, பெருகப் பெருகத் தின்னப்படுகின்றன. எந்த நிமிடத்தில் எடை போட்டாலும் கொஞ்சம்தான் இருக்கும். ஆனால் வருடம் முழுவதும் அவை உண்டாக்கியதைக் கூட்டினால் மலைபோல் வரும். உலகத்துத் தாவரங்கள், பாசிகள் எல்லாவற்றின் மொத்த எடையில் கடலில் இருப்பது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. உலகில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் அவற்றின் பங்கோ ஏறக்குறைய பாதி. ஆற்றலைக் கணக்கிட்டால் கடலிலும் பிரமிடு நேராகவே நிற்கிறது.

பூமியின் மிகப் பெரிய விலங்கான நீலத் திமிங்கலம் இந்த ரகசியத்தைத் தெரிந்துவைத்தது போல வாழ்கிறது. நுண்பாசியைக் கிரில் என்ற இறால் போன்ற சின்ன உயிர் தின்கிறது, கிரிலைத் திமிங்கலம் விழுங்குகிறது. நடுவில் தரகர்கள் குறைவு. பெரிய மீனைத் தேடிப் போயிருந்தால் அந்த உடம்புக்குக் கட்டுப்படியாகியிருக்காது.

உதிர்ந்தவற்றின் கணக்கு

சங்கிலிப் படங்களில் ஓரமாக ஒரு காளானை வரைந்து 'சிதைப்பவை' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். உண்மையில் காட்டில் நிலைமை நேர்மாறு. இலைகளில் பெரும்பகுதி எந்தப் புழு வாயிலும் மான் வாயிலும் படுவதில்லை, அப்படியே உதிர்ந்து விழுகிறது. அதைச் சாப்பிடுவது பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும்தான். சில்வர் ஸ்பிரிங்ஸில்கூட, தாவரம் தின்னும் உயிர்கள் எல்லாவற்றையும்விடச் சிதைப்பவற்றின் கைக்குத்தான் அதிகம் போனது. சருகுக் குவியலைக் கையால் விலக்கினால் அடியில் வெள்ளை நூல் நூலாகப் படர்ந்திருக்கும். பூஞ்சை சாப்பிட்டுக்கொண்டிருக்கும் இடம் அது. குவியல் பெரிதாக இருந்தால் உள்ளே கைவைக்கும்போது சூடாகவும் இருக்கும். அந்தச் சூடும் கணக்கில் ஒரு வரி.

சிதைந்த பின் கார்பன் மறுபடி காற்றுக்குப் போகிறது, தாதுக்கள் மண்ணுக்குப் போகின்றன, வேறொரு செடி எடுத்துக்கொள்கிறது. பொருள் இப்படிச் சுற்றிச் சுற்றி வரும். ஆற்றல் அப்படிச் சுற்றாது. வெயிலாக வந்து வெப்பமாகப் போகும், ஒரு வழிப் பாதை.

போகாமல் தங்கும் சரக்கும் உண்டு, அதுதான் ஆபத்து. பாதரசச் சேர்மம் போன்ற சில நஞ்சுகளை உடல் எளிதில் வெளியேற்றாது. ஒரு மீன் தன் ஆயுளில் ஆயிரம் சின்ன மீன்களைத் தின்றால், அவற்றின் ஆற்றலில் பெரும்பகுதி கரைந்துவிடும், அவற்றின் நஞ்சில் பெரும்பகுதி தங்கிவிடும். மேலே போகப் போக ஆற்றல் குறையும் அதே ஏணியில் நஞ்சு கூடிக்கொண்டே போகும். ஜப்பானின் மினமாட்டாவில் 1956இல் வெளியே தெரிந்த நோய்க்குக் காரணம் இதுதான். தொழிற்சாலைக் கழிவில் கடலுக்குப் போன பாதரசச் சேர்மம் மீன்களில் ஏறி, மீன் சாப்பிட்டவர்களின் நரம்புகளைத் தாக்கியது.

இவ்வளவு நேரம் வெயில் இல்லாமல் ஒன்றுமில்லை என்கிற மாதிரியே பேசிவிட்டேன். 1977இல், காலபாகஸ் தீவுகளுக்கு அருகே, சுமார் 2,500 மீட்டர் ஆழத்துக் கடலடியில் இறங்கிப் பார்த்தவர்கள் வேறொன்றைக் கண்டார்கள். வெந்நீர் பீறிடும் வெடிப்புகளைச் சுற்றி, ஒரு துளி வெளிச்சம் போகாத அந்த இருட்டில், சிப்பிகளும் நண்டுகளும் ஆள் உயரக் குழாய்ப்புழுக்களும் கூட்டம் கூட்டமாக வாழ்ந்துகொண்டிருந்தன. அந்தப் புழுக்களுக்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. உடலுக்குள் குடியிருக்கும் பாக்டீரியாக்கள், வெடிப்பிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடிலிருந்து ஆற்றலை எடுத்துச் சர்க்கரை செய்து கொடுக்கின்றன. அங்கே தாவரத்தின் வேலையை அந்தப் பாக்டீரியாக்கள் பார்க்கின்றன. ஆனால் ஹைட்ரஜன் சல்பைடை மட்டும் வைத்து அவற்றால் அந்த வேலையைச் செய்ய முடியாது. அதோடு சேர்க்க ஆக்சிஜன் வேண்டும். அந்த ஆக்சிஜன், மேலே வெயிலில் ஏதோ ஒரு பாசி தண்ணீரை உடைத்து வெளியே தள்ளிய கழிவு, கடல்நீரில் கரைந்து அவ்வளவு ஆழத்துக்கு இறங்கி வந்தது.